நடுத்தர நம்பகத்தன்மை

பதினோரு மாத ஒப்பந்தம்.
பன்னிரண்டாவது மாதம் வந்தால்
நான் நிரந்தரமாகிவிடுவேனோ என்று
பல்கலைக்கழகத்துக்குப் பயம்.
களியக்காவிளையில் இறங்கி
கொல்லங்கோட்டு வண்டிக்கு நிற்கையில்
இரண்டு அரசாங்கத்துப் பஸ்களும்
ஒரே பள்ளத்தில் விழுந்து எழுகின்றன.

வேலை எளியதுதான்.
வீடு இருந்ததா, எப்போது போனது, எத்தனை மீட்டர்.
எக்செல் தாளில் ஒரு கதவுக்கு ஒரு வரி.
'காரணம்' என்ற கட்டங்களுக்கு மட்டும்
மஞ்சள் அடித்து, காலியாக விடச் சொல்லியிருக்கிறார்
பேராசிரியர்.

மெற்றில்டா எனக்கு நாற்காலி போட்டது
ஐந்தாம் வகுப்பு பி-யில்.
இப்போது ஒன்பது குடும்பம் அங்கே.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு
அதன்மேல் காயும் பாவாடை.
பால் கவர் ஒன்றுக்குள்ளிருந்து
நிலவரி ரசீதை உருவினாள். இந்த வருடத்தது.
சர்வே எண் இருந்தது. மூன்று சென்ட் இருந்தது.
ஜி.பி.எஸ்ஸில் இட்டுப் பார்த்தேன்:
அலை மடங்கும் இடத்துக்கும் அப்பால்
நீலத்தில் ஒரு புள்ளி துடித்தது.
"கெட்டாம விட்டா எனக்க எடம் இல்லேண்ணு ஆக்கிருவினும்" என்றாள்.

மேற்கே கேட்டால்
கிழக்கே போட்ட கல் என்கிறார்கள்.
கிழக்கே கேட்டால்
மேற்கே தோண்டிய மண்.
மலையாளத்திலும் தமிழிலும் கேட்டுக்கொண்டு
கடல் இரு பக்கமும் சாப்பிடுகிறது.
"உயர்கிற நீர்மட்டத்தின் மேல் கேஸ் போட முடியாது,
நோட்டீஸ் போய்ச்சேர ஒரு முகவரி வேண்டும் எனக்கு"
வக்கீல் ஷைனி தேவஸ்யா
போனிலேயே சலித்துக்கொண்டார்.

பாறசாலை லாட்ஜில், மின்விசிறி
நின்று நின்று சுற்றிய இரவில்
அறிக்கையைப் படித்தேன்.
கடல்மட்டம் உயர்ந்திருக்கிறது: உயர் நம்பகத்தன்மை.
அலைகள் வலுத்திருக்கின்றன: நடுத்தர நம்பகத்தன்மை.
கரையின் இந்தத் துண்டுக்கு: தரவு போதாது.
அந்தத் துண்டில்தான் அன்று மத்தியானம்
ஒரு கழிப்பறைக் கோப்பை மட்டும்
மணலில் வானம் பார்த்து உட்கார்ந்திருந்தது.
படம் எடுத்தேன்.
அளவுகோலுக்குப் பக்கத்தில் என் செருப்பை வைத்து.

நடுத்தரம் என்றால் என்னவென்று
மெற்றில்டாவுக்கு விளக்கப் போய்
மூன்று முறை தடுமாறினேன்.
அவள் மீன் ஆய்வதை நிறுத்தவில்லை.
"கடலுக்குப் போறவனுக்கு அது போரும் பிள்ளே,
வள்ளத்த எறக்கிருவான்.
கோர்ட்டுக்குப் போறவளுக்கு மட்டும் போராதா?"

விசாரணையில் அரசு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்:
கடல் வருவதற்கு முன்பே
சுவரில் விரிசல் இருந்ததா?
இருந்தது, என்றாள்.
ஷைனி கண்ணை மூடிக்கொண்டார்.
அரிவட்டி தொங்கவிட ஆணி அடித்தபோது வந்த விரிசல்,
கொடுவாமீன் கொழுத்துக் கிடைத்த வருசம்,
என்றெல்லாம் அவள் சொன்னதை
யாரும் தட்டச்சு செய்யவில்லை.
'முன்பே விரிசல் இருந்ததாக ஒப்புக்கொண்டார்'
என்று பதிவாயிற்று.
அடுத்த தேதி ஜூலைக்குப் பிறகு.
ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது.

வெள்ளிக்கிழமை என் கடைசி நாள்.
கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்,
மடிக்கணினியின் சார்ஜரையும்.
வரி நூற்று எண்பத்தாறில்
மஞ்சள் கட்டத்தைத் தொடவில்லை.
ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் செருகினேன்:
ஆணி அடுக்களையின் வடக்குச் சுவரில்.
அடித்தது மெற்றில்டாவே.
சுத்தியல் கிடைக்காமல்
அம்மிக்குழவியால்.